மாக்கல் சீவிய உடையப்பன்

உடையப்பனைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. துரைமார்களைப் பற்றி எழுதத்தான் ஆளாளுக்குப் போட்டி. ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் தம்பிமுத்து. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து கப்பலேறி வந்து, ஈப்போவில் ஒரு துரை நடத்திய கல் சோதனைக் கூடத்தில் எட்டு வருஷம் உதவியாளனாக இருந்தவன். ஈயச் சுரங்கக்காரர்கள் தோண்டும்போது அகப்படும் கல்லையும் மண்ணையும் மூட்டையில் கட்டி எங்களிடம் கொண்டுவந்து போடுவார்கள். அது இன்னதென்று நாங்கள் சொல்லவேண்டும்.

கல்லைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நகத்தளவு சில்லை எடுத்து, கண்ணாடித் துண்டில் பிசின் வைத்து ஒட்டி, மாவாக அரைத்த கரகரப்புத் தூளும் தண்ணீரும் விட்டு இரும்புத் தட்டில் தேய்க்கவேண்டும். தேய்த்துத் தேய்த்து, மறுபக்கம் இருக்கும் அச்செழுத்தைக் கல்லின் ஊடாக வாசிக்கிற அளவுக்கு மெல்லிசாக்கவேண்டும். பிறகு அதை நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கல்லே காட்டிக்கொடுத்துவிடும். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த சீனர் 1926ஆம் வருஷம் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அந்த வேலைக்கு ஆள் தேடியபோது வந்து நின்றவர்தான் உடையப்பன்.

நாற்பது வயதிருக்கும். ரயிலில் போகும் தூரத்திலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பால் வடியப் பட்டை சீவியவர். இடது கண் வெள்ளையாகப் பூத்துப் பாதி மூடிக் கிடந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கண் இரண்டு இருந்துவிட்டால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. ஒற்றைக் கண்ணனை வைத்துக்கொண்டு மயிரிழைக் கணக்கில் கல் தேய்ப்பதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. துரைக்கும் அதே நினைப்புத்தான். மாதக் கடைசி வரை பார்ப்போம், சரிவராவிட்டால் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டார். அந்த நாளில் நான் உடையப்பனை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இன்று எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று நான்தான் கேட்டேன். மரப்பால் உறைவதற்கு ஒரு திராவகம் ஊற்றுவார்கள். பால் கொட்டகையில் அதை ஊற்றுவது அவர் மனைவி வீரம்மாவின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், ஈரக் கையிலிருந்து சாடி வழுக்கி விழுந்தது. பக்கத்தில் குனிந்து நின்ற உடையப்பனின் முகத்தில் திராவகம் தெறித்தது.

"அவ வேணும்னா செஞ்சா? கை வழுக்கிருச்சு" என்றார் உடையப்பன். "கண்ணு போனதுகூடப் பெருசில்லீங்க, கிராணி ஐயா. மரம் வெட்ட விடாம புல்லு வெட்ட அனுப்புனாங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா அன்னைலருந்து அவ என் மூஞ்சியப் பாக்கறதில்ல. சோத்த வச்சுட்டு சுவத்தப் பாத்துக்கிட்டு நிப்பா. நான் எதுத்தாப்புல நிக்க நிக்க அவளுக்கு அது ஆறாது. அதான் வந்துட்டேன்."

தோட்டத்தில் கணக்கெழுதுபவரைக் கிராணி என்பார்கள். பேனா பிடித்தவரெல்லாம் உடையப்பனுக்குக் கிராணிதான். இந்த வேலை நிலைத்தால் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை கிடைக்கும். அப்போது வீரம்மாவைக் கூப்பிட்டு, பார், நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று காட்டவேண்டும். நிலைக்காவிட்டால் மறுபடி போய் அதே புல்லை வெட்டவேண்டும், அவளும் தினம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மனுஷர் அதற்குத்தான் பயந்தார்.

முதல் வாரத்திலேயே என் நினைப்புப் பொய்யாயிற்று. கருங்கல்லைக் கொடுத்தேன், போன சீனரைவிட நன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். எப்படி என்று கேட்டதற்கு, பால்மரம் வெட்டுவதைச் சொன்னார். பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவவேண்டும். கொஞ்சம் மேலோடு போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும். அதையும் விடிவதற்கு முன்னால், அரையிருட்டில், நூற்றுக்கணக்கான மரத்துக்குச் செய்யவேண்டும். கண்ணை நம்பினால் காரியம் ஆகாது, விரலை நம்பவேண்டும் என்றார். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் விளிம்பு விரல்நுனியில் தட்டிக்கொண்டே இருக்குமாம். அது தட்டாமல் போகும்போது நிறுத்திவிட்டால் கணக்குச் சரி. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் பழைய ஆள் எப்படியோ, இவரும் அப்படியே, தான் தேய்த்த கல்லை நுண்ணோக்கியில் ஒருநாளும் பார்த்ததில்லை. தேய்ப்பது கூலி வேலை, பார்ப்பது உத்தியோகம் என்று நாங்கள் பிரித்து வைத்திருந்தோம். அதை வகுத்தவன் நானில்லை, ஆனாலும் ஒருதரமாவது வந்து பார் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மாதம் பாதி போனபோது அந்த வெள்ளைக் கல் வந்தது. கோப்பெங் பக்கத்து ஈயச் சுரங்கம் ஒன்றில், கருங்கல் மலை முடிந்து சலவைக்கல் தொடங்கும் இடத்தில் அகப்பட்டதாம். துரை தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு வெள்ளைக் களிமண் என்று சொல்லிவிட்டுப் போனார். உடையப்பன் ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினார். கட்டைவிரலால் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது மாக்கல்லுங்க. எங்க சேலத்துப் பக்கம் கல்சட்டி குடையறது இதுலதான். களிமண்ணா இருந்தா தண்ணி பட்டா ஒட்டும். இது வழுக்குது பாருங்க."

மூன்று புத்தகம் படித்திருந்த எனக்கு அது தெரியவில்லை. மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். மனிதர் சொன்னது சரிதான் போலிருந்தது.

"இதை வச்சு வேற என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"சீமாட்டிமார் முகத்துக்குப் பூசுற பவுடர் இருக்கே, அது இதுதான். தையல்காரன் துணியில கோடு போடுற கட்டியும் இதுதான். கடுதாசிக்கும் சவர்க்காரத்துக்கும் கலக்கிறவை. பிறகு, நீ வெட்டின ரப்பர் இருக்கெல்லே, அது சீமைக்குப் போய் சைக்கிள் டியூபாகேக்க ஒண்டோடொண்டு ஒட்டாமலிருக்க இந்தத் தூளைத்தான் தூவுறவங்கள்."

உடையப்பன் சிரித்தார். "அப்ப நம்ம பாலுக்கும் பவுடர் போட்டுத்தான் அனுப்பறாங்க."

துரையிடம் மாக்கல் என்று சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டும். வந்த துண்டுகளில் ஒன்றே ஒன்றில்தான் சாம்பல் நிறச் சலவைக்கல்லும் வெள்ளை மாக்கல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டுமிடம்தான் எனக்குத் தேவை, எது எதிலிருந்து வந்தது என்பதற்கு அங்கேதான் சாட்சி இருக்கும். சுரங்கத்தில் அந்தச் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துவிட்டார்கள், இனி வேறு துண்டு கிடைக்காது. அதை நான்கு சில்லாக அறுத்துக் கொடுத்தேன்.

முதல் சில்லு போயிற்று. ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் மெத்து. தட்டில் வைத்ததும் மெத்தானது பிய்ந்துகொண்டு போய்விட, கண்ணாடியில் ஓட்டைதான் மிஞ்சியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, கடைசி நிமிஷம் வரை நின்று, கடைசி இழுப்பில் கரைந்துபோயிற்று. துரை வந்து பார்த்தார். "நாலாவதும் போனால் ஆளும் போகட்டும்" என்று என்னிடம் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் உடையப்பனுக்குப் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த சில்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. நானே தேய்த்துப் பார்க்கிறேன் என்றேன், அவர் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்து, "கோட்டுப்பால் தெரியுங்களா?" என்று கேட்டார்.

பால் வடிந்து முடிந்த பிறகு, வெட்டின கோட்டிலேயே கொஞ்சம் பால் தங்கிக் காய்ந்துவிடுமாம். அடுத்த நாள் அதை நாடா மாதிரி உரிக்கும்போது, கோட்டில் கிடந்த பட்டைத்தூளெல்லாம் ஒன்றுகூடச் சிந்தாமல் அதோடு வந்துவிடுமாம்.

"தூளத் தூளா விட்டா சிந்தும். பால் ஊறிக் காஞ்சா கட்டாயிரும். இந்தக் கல்லையும் பிசின்ல ஊற வச்சுட்டுத் தேச்சா என்னங்க?"

செய்து பார் என்றேன். பிசினை இளக்கி, சில்லை அதில் போட்டு, இளஞ்சூட்டில் இரண்டு நாள் வைத்தார். பிறகு ஆறவிட்டு, ஒட்டி, தேய்க்கத் தொடங்கினார். இரும்புத் தட்டில் கொஞ்சம், மிச்சமெல்லாம் கண்ணாடித் தட்டில், வெறும் விரல் பாரத்தில். நான் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். ஓட்டை இல்லை.

எங்கள் நுண்ணோக்கியில் மேலும் கீழும் இரண்டு படிகத் துண்டுகள் உண்டு. மேலே இருப்பதை உள்ளே தள்ளினால் வெளிச்சம் அணைந்துவிடும். அந்த இருட்டில், நடுவே வைத்த கல் மட்டும் தன் நிறத்தைக் காட்டும். தள்ளினேன். என்னையறியாமல் "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். "இருங்கோ, உடையப்பன். இதில இருந்து பாருங்கோ" என்றேன்.

அவர் தயங்கினார். "எனக்கு ஒரு கண்ணுதானே, கிராணி ஐயா."

"இதுக்கு ஒண்டுதான் வேணும். ரெண்டு கண் உள்ள நாங்கள்தான் ஒண்டை மூடிக்கொண்டு பாக்கிறம்."

அவர் குனிந்தார். அசையவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்த அந்த மாவுக்கல், உள்ளே ரோஜா நிறமும் கிளிப்பச்சையும் நீலமும் மஞ்சளுமாக, ஏடு ஏடாகப் பிரிந்து ஜொலித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சலவைக்கல், வெளிறிய முத்து நிறத்தில். அந்த முத்துக்குள் நிறமெல்லாம் நாக்கு நீட்டி நுழைந்துகொண்டிருந்தது. சலவைக்கல்லின் மணிகளில் ஒன்று முக்கால்வாசி மாறிவிட்டது. அடுத்தது பாதி. அதற்கடுத்தது விளிம்பில் மட்டும்.

"என்னங்க நடக்குது இங்க?" என்று ரகசியம் பேசுவதுபோலக் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தச் சலவைக்கல் ஆதியில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. அதில் மக்னீசியம் என்றொரு சத்து சேர்ந்திருந்தது. பிறகு பூமிக்குள்ளிருந்து கருங்கல் குழம்பாகக் கொதித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. அந்தச் சூட்டில் மணலின் சத்தைக் கரைத்துக்கொண்டு வெந்நீர் வெடிப்பு வெடிப்பாகச் சுண்ணாம்புக்குள் புகுந்தது. சுண்ணாம்பிலிருந்த காற்று வெளியேறியது. மக்னீசியம் மணற்சத்தையும் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மாக்கல்லாயிற்று. தண்ணீர் இன்னும் அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஈரம் இல்லை. இதையெல்லாம் நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். அன்றைக்குத்தான் நம்பினேன்.

"இன்னும் மாறிக்கிட்டிருக்கா?"

"இல்லை. வெந்நீர் வத்தினதோட நிண்டு போச்சு. கோடி வருஷமாப் பாதியிலயே நிக்குது."

"பாதில நின்னதாலதான நமக்குத் தெரியுது. முழுசா மாறியிருந்தா வெறும் பவுடருதானுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவராக எழுந்திருக்கும் வரை நான் எழுப்பவில்லை.

துரை வந்து பார்த்தார். களிமண் என்ற பேச்சை அதோடு விட்டார். ஆளை வைத்துக்கொள் என்றார். அன்றைக்கே அறைச் சாவியை வாங்கி உடையப்பனிடம் கொடுத்தேன். புறப்பட்டு வரச்சொல்லி வீரம்மாவுக்குக் கடிதமும் நான்தான் எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். தங்குவதற்கு வரவில்லை. கணவரின் இரண்டு வேட்டியையும் ஒரு சட்டையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "துணிய வாங்கிக்கிட்டா நான் நாலு மணி ரயிலுக்குப் போயிருவேன்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். உடையப்பன் மூட்டையை வாங்கிக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"தங்கச்சி, ஒரு சாமான் காட்டோணும், உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்லி நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தேன். குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் தெரியலீங்க. கண்ணிமதான் தெரியுது" என்றாள். முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான்.

பின்னாலிருந்து உடையப்பன் மெதுவாகச் சொன்னார். "வீரம்மா, ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாரு."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. இடது கையைத் தூக்கி இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். குனிந்தாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பொத்திய விரல்களின் நடுவே கண்ணீர் வழிந்து முழங்கை வரை வந்தது. அவள் துடைக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"ஒத்தக் கண்ணுக்கு இத்தனை தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றார் உடையப்பன். "நீதான் கேக்கவே இல்ல."

அவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். அவருடைய முகத்தை, பூத்துப்போன அந்தக் கண்ணையும் சேர்த்து, நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அறை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

உடையப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கைகாட்டினேன்.