ஆறாவது ஆள்

நல்லம்மாள் யாரையும் மன்னித்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கணவனைப் பறிகொடுத்தவள் என்று கேட்டவுடன் நம் ஆட்கள் அவளுக்குப் பொறுமை, சாந்தம் என்று என்னென்னவோ குணங்களைச் சேர்த்துவிடுவார்கள். அப்படி எதுவும் அவளிடம் கிடையாது. முன்கோபம் இருந்தது, நல்ல ஞாபகசக்தி இருந்தது, குழாய் கட்டும் வித்தை இருந்தது.

குழாய் கட்டுவது என்றால் சைக்கிளுக்கு. ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷத்தில், ரப்பர் விளைகிற நாட்டிலேயே ஒரு டயர் வாங்க வழியில்லாமல் போயிற்று. செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை அளந்து வெட்டி, உள்ளே கம்பியை ஓட்டி, ரிம்மில் இறுக்கி முறுக்குவார்கள். காற்றில்லாத அந்தச் சக்கரத்தில் ஒரு மைல் போனால் பல்லெல்லாம் ஆடும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உமர் நானாவின் சைக்கிள் கடையில் அந்த வேலையைச் செய்தவள் நல்லம்மாள். அவள் முறுக்கிய குழாய் ரிம்மை விட்டு நழுவியது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

அவள் கணவன் பாலன் சைக்கிள் பந்தயக்காரன். பொழுதுபோக்குக்காக அல்ல, கடைக்காரர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவன். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அப்படி எட்டுப் பேர் இருந்தார்கள். சண்டைக்கு முன்னால் பணமாகக் கிடைத்தது பிறகு அரிசியாகக் கிடைத்தது. அரிசி அப்போது பணத்தைவிட மேல் என்பதால் யாரும் குறைப்படவில்லை.

இந்த எட்டுப் பேருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. சாலையில் சிப்பாய் நிறுத்தினால் வேலைச் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டு இல்லாதவன் வேலையற்றவன். வேலையற்றவனை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பிவிடுவார்கள். ஆனால் இடுப்பில் செருகிய சீட்டு ஒரு மணி நேர வியர்வையில் கஞ்சியாகிவிடும். முதல் பந்தயத்திலேயே ஒருவனுக்கு அப்படி ஆகி, சிப்பாயிடம் அறை வாங்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு உமர் நானா ஒரு பிஸ்கட் டின்னுக்கு வார் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாச் சீட்டும் டின்னுக்குள். டின் கடைசியாகப் புறப்படுகிறவன் முதுகில். இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுவார்கள்; குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவனுக்குப் பரிசு. யாரையாவது வழியில் நிறுத்தினால் அவன் பதறாமல் நிற்கலாம், பின்னால் டின் வந்துகொண்டிருக்கும். டின்காரன் யாரையாவது தாண்டினால் வேகத்தைக் குறைத்து அவனுடைய சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கை இரண்டும் சைக்கிளில் இருப்பதால் அவன் அதை வாயில் கவ்விக்கொள்வான். ஆகவே வாயில் சீட்டோடு வந்து சேர்கிறவன் தாண்டப்பட்டவன். அதைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கும்.

இருப்பதிலேயே பலசாலி கடைசியில் புறப்படுவது வழக்கம். அந்த இடம் விஜயனுடையது. அவனுக்கு முந்திய இடம் பாலனுடையது.

நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் கடைசிப் பந்தயம் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு. விஜயன் அன்று பேய் பிடித்தவன் மாதிரி ஓட்டினான். ஐந்து பேர் வாயில் சீட்டைக் கவ்விக்கொண்டு அவன் பின்னால் வந்தார்கள். அகமது மட்டும் தாண்டப்படாமல் வந்து சேர்ந்தான். பாலன் வரவே இல்லை. டின்னைத் திறந்தால் அவன் சீட்டு உள்ளேயே கிடந்தது.

"நான் பார்க்கவே இல்லக்கா," என்றான் விஜயன், நல்லம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு. "முன்னால போனவரு போனவருதான், கண்ணுலயே படல. நான் வர்றதுக்குள்ள தூக்கிட்டானுங்க போல. ஒரு ஆளைத் தூக்கி லோரியில போட ரெண்டு நிமிஷம் போதாதா?"

எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். பரிசாக வந்த அரிசியில் பாதியை அவன் அவள் வீட்டுக்கு அனுப்பினான். அதையும் வாங்கிக்கொண்டாள். பாலன் திரும்பி வருவான் என்று கும்பிட்டுக்கொண்டே அந்த அரிசியைப் பொங்கித் தின்றாள்.

ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பினான். நாற்பத்தைந்து அக்டோபரில் சயாமிலிருந்து பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார்கள். அவர்களில் தங்கமணி என்று ஒருவன், கிள்ளான் தோட்டத்து ஆள். முழங்காலுக்குக் கீழே புண் அழுகி, படுத்த படுக்கையாகக் கிடந்தான். பாலனின் மனைவி யார் என்று விசாரித்து ஆள் அனுப்பினான். நல்லம்மாள் போனாள்.

"ஒரே லோரியில ஏத்துனாங்கம்மா எங்கள," என்றான். "கிள்ளான் ரோட்டுல, பத்து தீகாங்கிற ஊரு பாலத்துக்கிட்ட. உங்க வீட்டுக்காரரு சிரிச்சிக்கிட்டே நின்னாரு. என் சீட்டு பின்னால டின்னுல வருதுன்னு சைகை காட்டுனாரு. டின்னு வந்திச்சு. டின்னு மாட்டுன ஆள பாத்து, இவன தெரியுமான்னு சிப்பாய் கேட்டான். அந்த ஆளு இவர ஒரு தடவ பாத்தாரு. தெரியாதுன்னு தலைய ஆட்டிட்டு மிதிச்சிக்கிட்டுப் போயிட்டாரு."

பாலன் அங்கே ஐந்தாம் மாதம் காலராவில் செத்துப்போனதையும் சொன்னான். ஒரு வாரத்தில் தங்கமணியும் போய்ச் சேர்ந்தான்.

நல்லம்மாள் மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. நாலாம் நாள் போனபோது விஜயன் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். பக்கத்தில் குழாய் வெட்டும் கத்தி இருந்தது. அதை எடுக்க அவளுக்கு ஒரு நொடி போதும். எடுக்காததற்குக் காரணம் நல்ல மனசு இல்லை. செத்துவிட்டால் அவன் நல்லவனாகவே செத்துவிடுவான், பிரிக்பீல்ட்ஸே திரண்டு தூக்கிக்கொண்டு போகும். சாட்சி சொன்னவன் மண்ணுக்குள். அவள் சொன்னால், பாவம், புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அவன் வாயிலிருந்தே அது வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வழி தானாக வந்தது. பந்தய வருஷம் முடிந்ததும் ஓட்டுகிறவர்களும் கடைக்காரர்களும் கூடி, அந்த வருஷத்து ஓட்டங்களில் எது தலைசிறந்தது என்று வாதாடித் தீர்ப்பார்கள். ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு குரல். எட்டும் ஒன்றாகும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. தீர்ந்ததை ஒரு பலகையில் பெயின்ட்டில் எழுதிக் கடை வாசலில் மாட்டுவார்கள். நாற்பத்து மூன்றுக்கு அது நடக்காமலே கிடந்தது; அதற்குப் பிறகு பந்தயமும் நடக்கவில்லை. இப்போது பத்து ரோடு என்ற கடைத்தெருவில் சைக்கிள் வரவழைக்கும் ஒரு முதலாளி, பலகையில் ஏறுகிறவனுக்குச் சம்பளமும், கப்பலில் வரும் முதல் ரேஸ் சைக்கிளும் தருவதாகச் சொல்லிவிட்டார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் கூடினார்கள்.

நேரம் குறிக்கும் கனகசபை ஐயா நடுவில் உட்கார்ந்தார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், தும்மினாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தும்முகிறவர். பாலனின் குரல் நல்லம்மாளுக்கு என்று அவரே சொன்னார்.

இரண்டு ஓட்டங்கள் மல்லுக்கு நின்றன. ஒன்று விஜயனின் கிள்ளான் ஓட்டம். மற்றது ரவாங் பந்தயத்தில், செலாயாங் அருகே பெடல் உடைந்தபின் அகமது எட்டு மைல் ஒற்றைக் காலால் மிதித்து இரண்டாவதாக வந்தது.

"அஞ்சு பேரத் தாண்டினேன்லா! அஞ்சு பேரு வாயிலயும் சீட்டு!" என்றான் விஜயன்.

"அதுல மூணு பேரு குழாய் கழண்டு ரோட்டோரம் நின்னவங்க," என்றார் உமர் நானா. "நின்னவனத் தாண்டறது ஒரு தாண்டலா? அகமது ஒத்தக் காலுல வந்தான்யா."

குழாய் கழன்றது மூன்றும் வேறு கடையில் கட்டியவை என்பதை நல்லம்மாள் மறக்காமல் சொன்னாள். சிரித்தார்கள். இரண்டு மணி நேரம் இழுத்தது. ஒவ்வொரு குரலாக அகமது பக்கம் சாய்ந்தது. விஜயன் முகம் சுண்டிவிட்டது. கனகசபை ஐயா பேனாவை மூடப் போனார்.

"ஐயா, எனக்கு ஒன்னு கேக்கணும்," என்றாள் நல்லம்மாள். "எங்க வீட்டுக்காரர அந்த வருஷம் பூரா யாராச்சும் தாண்டியிருக்காங்களா?"

"இல்லை. ஒருத்தரும் தாண்டயில்லை," என்றார் அவர்.

"அப்ப அவர ஒருத்தன் தாண்டியிருந்தா, அது ஒத்தக் கால் ஓட்டத்தவிட பெருசுதானே?"

"ஓம், அது பெரிசுதான். ஆனா பாலன்ட சீட்டு டின்னுக்குள்ள இருந்ததே."

"அது ஒன்னுதான் இடிக்குது. விஜயன் தம்பி அன்னிக்கு வந்த வேகத்துக்கு அவரப் புடிச்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. அந்த வேகத்துல நிறுத்தி சீட்டு எடுத்துக் கொடுக்க நேரமில்லாம போயிருக்கலாம். என் மனசு நோகும்னு தம்பி இத்தன நாளா சொல்லாம இருக்கும்." அவன் பக்கம் திரும்பினாள். குரலில் பால் வடிந்தது. "சொல்லு தம்பி, நான் ஒன்னும் நினைச்சிக்க மாட்டேன். அவரு போயிட்டாரு. அவரத் தாண்டினவன்னு ஒனக்காவது பேரு இருக்கட்டும். என் குரல ஒனக்கே தர்றேன்."

விஜயன் அவளைப் பார்த்தான். அகமதைப் பார்த்தான். கப்பலில் வரும் சைக்கிளையும் அந்த நேரத்தில் அவன் பார்த்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தால் மனிதன் எவ்வளவு சுருக்காக முட்டாளாகிறான் என்பதற்கு அவன் முகமே போதும்.

"ஆமாக்கா," என்றான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "உங்களுக்காகத்தான் சொல்லல. தாண்டினேன். பத்து தீகா பாலத்துக்கிட்ட. அவரு நல்லாத்தான் மிதிச்சிக்கிட்டு இருந்தாரு. சீட்டு கொடுக்க நேரமில்ல."

"அப்ப ஆறு பேர்," என்றாள் நல்லம்மாள்.

"ஆறு பேரு!" என்றான் அவன், சிரித்துக்கொண்டே நிமிர்ந்து.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அகமதுதான் முதலில் எழுந்தான். சீட்டை வாயில் கவ்விக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கனகசபை ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"சீட்டை நீர் குடுக்கயில்லை," என்றார் மெதுவாக. "டின்னைக் கொண்டு முன்னுக்குப் போயிட்டீர். அப்ப அந்த மனுசன் ரோட்டில எதை நம்பி வந்தது?"

அப்போதுதான் விஜயனுக்கு உறைத்தது. "இல்ல, இல்ல ஐயா, தாண்டல! சும்மா சொன்னேன். நான் வர்றப்பவே அவர நிறுத்தி வெச்சிருந்தாங்க…" சொல்லி முடிக்குமுன் இதையும் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நிறுத்தி வெச்சிருந்தாங்க," என்றாள் நல்லம்மாள். பால் வடிந்த குரல் போன இடம் தெரியவில்லை. "டின்னு ஒன் முதுகுல இருந்திச்சு. சிப்பாய் என்ன கேட்டான்? நீ என்ன சொன்ன? தங்கமணின்னு ஒரு ஆளு அந்த லோரியில இருந்தாரு. அவரு சொல்லிட்டாரு. இப்ப நீ சொல்லு."

அவன் அழுதான். பயந்துவிட்டேன், இறங்கினால் என்னையும் ஏற்றிவிடுவார்களோ என்று நினைத்தேன் என்றான். "பொய்!" என்று அவள் கத்தினாள். "பயந்தவன் அடுத்த அஞ்சு பேருக்கு நிறுத்தி நிறுத்திச் சீட்டு கொடுப்பானா? வருஷம் பூரா ஒன்னால தாண்ட முடியாத ஆளு அவரு ஒருத்தருதான். அதனால தெரியாதுன்னு சொன்ன."

உமர் நானா அவன் சட்டையைப் பிடித்தார். நாலு பேர் கை ஓங்கினார்கள். நல்லம்மாள் குறுக்கே போய்த் தடுத்தாள். அவளுக்கு இரக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். அடி நாலு நாளில் ஆறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஐயா, என் குரல் அவனுக்குத்தான்," என்றாள். "எல்லாரும் அவனுக்கே கொடுங்க. வருஷத்து ஓட்டம் அவனோடதுதான். பலகையில எழுதுங்க."

அவள் என்ன கேட்கிறாள் என்று புரிய அவர்களுக்குச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அகமது தன் பெயரைத் தானே விலக்கிக்கொண்டான். எட்டாவது குரல் விஜயனுடையது. வேண்டாம், தயவு செய்து வேண்டாம் என்று அவன் கும்பிட்டான். அவன் வாதாடத் தொடங்கியபோதே தன் குரலைத் தனக்குக் கொடுத்துவிட்டான் என்று கனகசபை ஐயா தீர்ப்புச் சொன்னார்.

பச்சைப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினார்கள்: *1943. விஜயன். கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை. தாண்டியவர் ஆறு பேர். ஆறாவது ஆள் பாலன், பத்து தீகா பாலத்தருகே, சீட்டு தரப்படவில்லை.* படிக்கத் தெரியாதவர்களுக்கு நல்லம்மாளே படித்துக் காட்டினாள்.

பத்து ரோட்டு முதலாளி சொன்ன சொல் தவறாதவர். பலகையில் இருந்த பெயருக்குச் சைக்கிள் வந்து சேர்ந்தது. விஜயனும் வெட்கம் கெட்டு வாங்கிக்கொண்டான். ஒரு பந்தயம் ஜெயித்தால் ஊர் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பான். டிசம்பரில் கிள்ளானில் சண்டைக்குப் பிந்திய முதல் பந்தயம். நல்லம்மாள் பஸ் ஏறிப் போய் முன்வரிசையில் நின்றாள்.

பலசாலிக்குரிய கடைசி இடம் விஜயனுக்கு. கனகசபை ஐயா முதல் எண்ணைக் கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. இரண்டாவதைக் கூப்பிட்டார். மூன்றாவதைக் கூப்பிட்டார், ஒவ்வொன்றாக மற்றவற்றையும் கூப்பிட்டார். எல்லோரும் சைக்கிளைத் தரையில் சாய்த்துவிட்டு நின்றார்கள். "இவன் பின்னால வர்ற ரோட்டுல நாங்க முன்னால போகமாட்டோம் ஐயா," என்றான் அகமது.

மீதம் ஒரே ஒரு எண். ஐயா கடிகாரத்தைப் பார்த்து அதையும் கூப்பிட்டார். இருபுறமும் கூட்டம் நிற்க, விஜயன் புதுச் சைக்கிளில், காற்றடித்த புது டயரில், வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போ தம்பி," என்றாள் நல்லம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னிக்கு ஒன்ன யாரும் தெரியுமான்னு கேக்க மாட்டாங்க. இங்க யாருக்கும் ஒன்னத் தெரியாது."