இரண்டு நிமிடத்துக்குள் அசைந்தவர்

அந்த நவம்பர் காலை சரியாகப் பதினொரு மணிக்குப் பீரங்கி வெடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு நாங்கள் வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. குடிவரவு அலுவலகத்துக்குப் போகும் வழியில், ஒரு நினைவுத் தூணைச் சுற்றி நின்ற கூட்டத்தை நானும் எட்டு வயது மகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டதும் அவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். போரில் இறந்தவர்களுக்கான இரண்டு நிமிட மௌன அஞ்சலி அது என்று தெரியாமல், கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைத்தேன்.

ஒருவர் மட்டும் அசைந்தார். தடித்த மூக்குக்கண்ணாடியும் கோட்டு நிறையப் பதக்கங்களுமாக ஒரு கிழவர் மரங்களின் பக்கம் விரைந்தார். அவர் பெயரை நான் கேட்டதில்லை. அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லாத நவம்பரும் இல்லை.

கடைசியில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இருவருடைய உடுப்பிலும் முன்பக்கமெல்லாம் சேறு.

“ஏனம்மா நீங்கள் விழுந்து படுக்கேல்லை?” என்று அவள் என்னை ஏசினாள். “இந்தத் தாத்தா என்ரை பக்கத்திலை வந்து படுத்தவர்!”

அது என்ன நாள் என்று அவர் சொன்னதும், கத்தியதற்கு வெட்கத்துடன் மன்னிப்புக் கேட்டேன். அந்த மௌனத்தை ஆண்டுதோறும் தன் படை அதிகாரிக்காகவே காப்பாராம். அந்த அதிகாரி போலந்திலிருந்து குடியேறி வந்து, இருபத்துமூன்று வயதில் போரில் இறந்தவர்.

“மன்னிப்பு எதற்கு?” என்றார் ஆங்கிலத்தில். “யாராவது கத்தினால் என் அதிகாரியால் சும்மா நிற்க முடியாது. காப்பாற்ற ஓடிப்போனார், திரும்பி வரவில்லை. அன்றைக்குக் கத்தியவன் நான்.”