அக்கி போன பிறகு

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள் நான். எங்கள் வேலையில் பாதி, புடவையைத் தோளில் போட்டுக் காட்டுவதுதான். மடிப்பில் பார்த்து யாருக்கும் மனசு இளகாது.

போன வருஷம் விலாவில் அக்கி வந்தது. திருவானைக்காவலில் ஒரு குயவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கப் படம் எழுதிக்கொண்டேன். கொப்புளம் காய்ந்தது, சிங்கமும் அழிந்தது, தொல்லை விட்டது என்று இருந்துவிட்டேன். வலி மட்டும் போகவில்லை. மெல்லிய துணி பட்டாலே தீ வைத்த மாதிரி எரிந்தது. தோலைப் பார்த்தாலோ ஒன்றுமே இல்லை. கடையில் புடவையைக் கையில் தூக்கிப் பிடித்தே காட்டினேன். “நடிக்கிறா” என்று பின்னால் பேசினார்கள். தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் என்னைக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மா, ராத்திரியில் போட ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் அதன் பெயரைச் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, “இது மனச்சோர்வுக்குக் குடுக்கிறதாம்” என்றார். எனக்கு வந்த கோபம்! மறுநாளே மாத்திரை அட்டையோடு போய் நின்றேன்.

“என் வலி பொய்யின்னு நெனைக்கிறீங்களா டாக்டர்?”

“வலி நெஜம்தாங்க. அக்கி போயிடுச்சு, அது கெடுத்த நரம்பு இன்னும் கத்திக்கிட்டிருக்கு. இது மனசுக்குக் குடுக்கிற மாத்திரைதான். கம்மி அளவுல குடுத்தா அந்த நரம்பையும் அடக்கும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. சில வாரம் போட்டுப் பாப்போம்.”

முதல் வார்த்தைக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் நாக்கு உலர்ந்தது. காலையில் பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போனேன். டாக்டரம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே விடாமல் போட்டேன். எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

தீபாவளிக் கூட்டத்தில் ஒரு அம்மா, “மேல போட்டுக் காட்டுங்க” என்றார். பயந்துகொண்டே போட்டேன். பட்டு விலாவில் சரிந்தது. லேசாகச் சுரீர் என்றது, அவ்வளவுதான். மாம்பழக் கலர் கேட்டார், போட்டேன். பச்சை கேட்டார், அதையும் போட்டேன். புடவைகள் எதிரில் குவிந்த பிறகு, “யோசிச்சுட்டு வரோம்” என்று எழுந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் மனசுக்குள் நன்றாக வைதிருப்பேன். அன்றைக்கு வாசல் வரை போய், “நாளைக்கும் வாங்கம்மா, எல்லாத்தையும் போட்டுக் காட்டுறேன்” என்றேன்.