ஷேர் ஆட்டோவில் ஒலித்த ரகசியம்

புது ஆப்பைப் பற்றி வக்கீல் அம்மா சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. நாம் அனுப்புவதை நடுவில் எவனும் படிக்க முடியாது, ஆப்பை நடத்துகிற கம்பெனிகூடப் படிக்க முடியாது என்றார். சரி. டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கு யார் பூட்டுப் போடுவது? நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் நாங்கள் காண்டிராக்ட் பெண்கள். மிஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது; வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். காதில் வைக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, "போகப் போகப் பழகிடும்" என்றான் சூப்பர்வைசர். பழகியது. வருஷக்கணக்கில் நின்றவர்களுக்குக் காதே போய்விட்டது.

இதே சூப்பர்வைசர்தான் என் தோழியிடம், வாரம் மாறி வரும் ராத்திரி ஷிஃப்ட் இல்லாமல் பகல் ஷிஃப்டே வேண்டுமென்றால் தன்னைத் தனியாக வந்து பார்க்கச் சொன்னவன். புருஷன் விட்டுப் போனவள், ராத்திரி பிள்ளைகளைத் தனியே விட முடியாதவள் என்று தெரிந்துதான் கேட்டான், பொறுக்கி. அடுத்த முறை சாப்பாட்டு ரூமில் அதையே கேட்டபோது, அவள் சாப்பாட்டுப் பைக்குள் ஃபோன் ரெக்கார்டிங்கில் இருந்தது.

பெரம்பூரில் இருக்கும் வக்கீல் அம்மாவிடம் போனோம். எல்லோரும் சேர்ந்து புகாரில் கையெழுத்துப் போடும்வரை விஷயம் வெளியே போகக் கூடாது, போனால் முதலில் போவது இவள் வேலைதான் என்றார். எங்கள் பேச்சு மொத்தமும் பச்சை ஆப் குரூப்பில் நடக்கிறது. அந்தக் குரூப்புக்கு அட்மின் யார்? அவனேதான். ஷிஃப்ட் போடுவதும் அதில், ரோஜாப்பூ படம் போட்டுக் குட்மார்னிங் சொல்வதும் அதில். அதனால் வக்கீல் அம்மா சொன்ன நீல ஆப்புக்கு மாறினோம்.

அதை எல்லோர் ஃபோனிலும் ஏற்றுவதற்குள் என் உயிர் போய்விட்டது. ஒருத்தி ஃபோனில் இடமே இல்லை; மாதா படமும் அம்மன் படமுமாக நிரம்பிக் கிடந்தது. இன்னொருத்தியின் பூட்டு நம்பர் அவள் புருஷனுக்கும் தெரியும். மாற்று என்றால், "அவுரு கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். மெசேஜ் வந்தால் மேலே தெரியாதபடி மறைத்தேன், ஒரு நாளில் தானாக அழியும்படி வைத்தேன். பாதிப் பேருக்கு எழுதப் படிக்க வராது என்பதால் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான்.

அந்த வாய்ஸ்தான் வினை. மறுநாள் வக்கீல் அம்மாவிடம் கையெழுத்துப் போடப் போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் நானும், எங்களில் அதிக வருஷம் மிஷினில் நின்ற அக்காவும் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். ஆட்டோ முழுக்கத் தோழியின் குரல்: "யக்கா, நாளைக்கு ஷிஃப்டு முடிஞ்சி வக்கீலம்மாகிட்ட போறோம். சூப்பர்வைசரு பேசுனது ஃபுல்லா எங்கிட்ட கீது. யார் கையிலயும் சொல்லிக்கினு இருக்காத."

நான் பிடுங்குவதற்குள் எல்லாம் பேசி முடித்துவிட்டது. முன்சீட்டில் எங்கள் டைம் ஆபீஸ் ஆள், வருகைப் பதிவு போடுகிறவன், சூப்பர்வைசரின் கையாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டான் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கியதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அறிவு கீதா யக்கா உனக்கு? காதுல வச்சிக் கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவ? அவ பொழப்பே பூடும்."

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "காதுல வச்சா கேக்க மாட்டுது மே. கேட்டா வைக்க மாட்டனா? அந்த மிஷினு துன்னுடுச்சி."

என் கோபம் அப்படியே நின்றது, ஆள்தான் மாறியது. காதைப் பிடுங்கிக்கொண்டவனே, அக்காவுக்குக் காது போன ஒரே காரணத்தால், தன் ஆள் மூலமாக எங்கள் ரகசியத்தையும் கேட்டுக்கொண்டான். இந்த அநியாயத்தை எந்த ஆப்பில் போய்ப் பூட்டுவது?

மறுநாள் காலையில் தோழியின் கார்டைக் கேட் மிஷின் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் வெளியே வந்தான். அவ்வளவு குழைவாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. "ஃபோனக் குடும்மா. அத்த அழிச்சிட்டு உள்ள போ. பகல் ஷிஃப்டே போட்டுத் தரேன்."

அவள் எங்களைப் பார்த்தாள். எங்களால் என்ன சொல்ல முடியும், அவள் வீட்டு அடுப்பு அல்லவா அது. பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அந்த வேலை போனது போனதுதான். இப்போது ராயபுரத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள். கேட்டில் நின்ற அத்தனை பெண்களும் அன்று மாலையே புகாரில் கையெழுத்துப் போட்டோம், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

அவள் ஃபோனை அவனிடம் கொடுக்கவில்லை. நேராக அக்காவிடம் வந்து, "யக்கா, இத்த கேளு" என்று சத்தத்தை முழுசாக ஏற்றித் தட்டினாள். உள்ளே போகிற ஷிஃப்டும் வெளியே வருகிற ஷிஃப்டும் கேட்டில் நிற்கும் நேரம். சாப்பாட்டு ரூமில் அவளிடம் அவன் கேட்டதெல்லாம் அவன் குரலிலேயே வந்தது.

"சவுண்டக் கொற, சவுண்டக் கொற" என்று அவன் கையை ஆட்டினான்.

அக்கா அவன் வாயை நன்றாகப் பார்த்துவிட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "இன்னா நைனா சொல்ற? கேக்கலியே."