நாற்பது நாள் பாக்கி

எங்கள் சோதனைக்கூடத்தில் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர். நக்கல் கூடிய நாட்களில் 'கம்பி எண்ணுகிறவர்' என்போம். ஜெயிலில் இருப்பவனாவது ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்காருவான். இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

கொதிகலன் குழாய்க்குப் போகிற கலப்பு எஃகில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு கம்பி. அது அறுநூறு டிகிரி அடுப்புக்குள் நிற்கும். நீளமான இரும்புக் கை ஒன்று, நுனியில் எடைகளைத் தாங்கிக்கொண்டு, அதை இழுத்தபடியே இருக்கும். நுனியில் ஒரு கிலோ ஏற்றினால் கம்பிக்கு அது பத்து கிலோ. சூடும் சுமையும் விடாமல் சேர்ந்தால் எஃகும் கண்ணுக்குத் தெரியாமல் நீளும். லட்சம் மணி நேரத்தில் எவ்வளவு நீளுகிறது என்று அவர் தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். லட்சம் மணி என்றால் பதினோரு வருஷத்துக்கு மேல். நடுவில் சுமை கொஞ்சம் மாறினாலும் சோதனை செல்லாது. மேஜை டிராயரில் கிடக்கும் இன்னொரு கம்பியை மாட்டி, முதல் மணியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அவர் மனைவி வேறு ஊர் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில் நர்ஸ். மகள் பிறந்த மாதம்தான் கம்பியை மாட்டினார்கள். மாற்றல் கேட்டு மூன்று முறை மனுப் போட்டார். "கம்பி முடியட்டும், போலாம்" என்று மூன்று முறையும் அதிகாரி ஒரே பாட்டைப் பாடினார். மகள் போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. "கம்பி முடிஞ்சுதாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நாற்பது நாள் பாக்கி இருக்கும்போது, சாமான் கட்ட உதவுவதற்காக அவர் மனைவி வந்தார். கூடத்துக்குள் வந்தது அதுவே முதல் தடவை. டிராயரில் கிடந்த கம்பியை எடுத்துப் பார்த்தார்.

"இந்தத் துண்டுக்காகவா பதினோரு வருஷம்?"

"இதோட ஜோடி. உள்ள இருக்கறதும் இதே அளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் நோட்டைப் பிரித்தார். பயணக் களைப்பு, அறையில் வெக்கை. அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்து, கைக்கு வாகாக இருந்த இரும்புக் கையின் நுனியில் தன் பையை மாட்டினார்.

டீயோடு வாசலில் நின்ற நான், கம்பியின் நீட்சியைக் காட்டும் முள் நகர்வதைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்துவிட்டார். பாய்ந்து பையை எடுத்தார். அரை நிமிஷம்கூட இருக்காது.

"நான் ஒண்ணும் பாக்கலை" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர் பையை மனைவி கையில் கொடுத்தார். நடந்ததை மனைவியிடம் மெதுவாக விளக்கினார்.

"எழுதினா திரும்ப முதல்லேர்ந்தா?"

"ஆமா."

"எழுதலைன்னா?"

"இந்தக் கணக்கை நம்பிக் குழாய் போடுவாங்க. பக்கத்துல ஆளுங்க வேலை செய்வாங்க. தாங்கினாலும் தாங்கும்."

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். கொதிகலன் பக்கத்திலிருந்து வெந்து வருகிற ஆட்களுக்குக் கட்டுப் பிரிக்கிறவர் அவர்தான். எனக்கு அங்கே நிற்கவும் பிடிக்கவில்லை, போகவும் கால் வரவில்லை.

கடைசியில் கம்பிக்காரர் பேனாவை எடுத்தார். 'நுனியில் கைப்பை. சுமார் ஒன்றரைக் கிலோ. அரை நிமிடம்.'

அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"அது என்ன சுமார்?"

விருட்டென்று எழுந்து பையை மேஜைத் தராசில் வைத்தார். ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை.

"ரெண்டு கிலோ நூறு கிராம். எழுதறதை ஒழுங்கா எழுதுங்க."

அவர் அடித்துத் திருத்தி எழுதினார். எழுதி முடிக்கும்வரை அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."