திட்ட ஒன்றுமில்லாத படம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், பழங்காநத்தம் பக்கம் ஒரு தியேட்டரில் இடைவேளை. படம் படு கண்றாவி. பிலோமினா டீச்சரிடம் படத்தை எப்படியெல்லாம் திட்டலாம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, பாப்கார்ன் வரிசையில் உற்சாகமாக நின்றேன். டீச்சருக்கு உடம்பு முடியவில்லை, பாண்டிக்குப் பள்ளியில் மேட்ச் என்று அன்றைக்கு நான் மட்டும்தான் வந்திருந்தேன். பாண்டி எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர். அவனிடமிருந்துதான் போன் வந்தது. "அண்ணே, டீச்சர் போயிட்டாங்க. நெஞ்சுவலியாம்." மீதிப் படத்தை விட்டுவிட்டு ஓடினேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற, அவரிடம் கணக்குப் படித்த நீங்கள் எல்லோரும் அவருடைய கண்டிப்பைத்தான் சொல்வீர்கள். நான் அவரோடு தமிழாசிரியராக வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த டீச்சர் வேறு. மோசமான படத்தை அவரளவு ஆசையாகப் பார்த்த ஆளை மதுரையில் நான் கண்டதில்லை. ஞாயிறு பூசைக்குப் பிந்தினாலும் பிந்துவார், சனிக்கிழமை மேட்னிக்குப் பிந்த மாட்டார்.

ஒருமுறை கதாநாயகன் நான்காவது தடவை சபதம் எடுத்தபோது பாண்டி பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டான். டீச்சர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "பாதியில எந்திரிச்சுப் போறவனுக்குத் திட்ட உரிமை கிடையாது தம்பி." தியேட்டருக்குள் அவர் பேசியது அன்று மட்டும்தான். எதுவானாலும் வெளியே வந்து, டீ கிளாஸ் கைக்கு வந்த பிறகுதான் வாய் திறப்பார். திறந்தால் அவர் வீட்டுக்குப் போகிற கோச்சடை பஸ் வரும், போகும், அடுத்ததும் போகும். வீட்டு நினைப்பே இருக்காது.

இன்னொரு படம், பெரிய செலவில் பளபளவென்று எடுத்தது. டீச்சர் டீயைக் குடித்தார், "சரி, வாரேன்" என்று முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் கேட்டேன்: "அதுல ஒண்ணும் தப்பு இல்லையே டீச்சர்?"

"அதான் சார் மோசம். விடை தப்பாப் போனாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடலாம். பக்கத்துல பாத்து எழுதுனவனுக்கு எதுக்குப் போட? திட்டக்கூட ஒண்ணுமில்லைன்னா அது என்ன படம்?"

இதைச் சொன்னவருக்கு முன்னால் என் படம் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் எடுத்த சின்னப் படம், வசனம் நான். திருமங்கலத்தில் முதல் நாள் பார்த்தோம். முடிந்து டீக்கடைக்கு வந்தோம். டீச்சர் பேசவில்லை. டீயை ஆற்றினார், குடித்தார். "மதுரை பஸ் எப்ப தம்பி?" என்று பாண்டியைக் கேட்டார். ஊரே காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன்; அவர் பேசாமல் பஸ் ஏறிவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பஸ் வந்து நின்றது. டீச்சர் அதைப் பார்த்தார், கிளாஸை வைத்தார். "இன்னொரு டீ சொல்லுங்க" என்றார். பிறகு பிடித்தார் பாருங்கள். "மகன் செத்துக் கெடக்கான், அந்தத் தாய் எதுக்கு சார் அம்புட்டு வசனம் பேசுது? யாருக்கு ஒப்பிக்குது?" காட்சி காட்சியாகக் கிழித்தார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கடைசியில் சொன்னார்: "கிணத்தடியில அண்ணனும் தம்பியும் ஒண்ணும் பேசாம நிக்கிறாங்கல்ல, அது உங்களோடது. மத்ததெல்லாம் பாத்து எழுதுனது." அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பாண்டி சொன்னான், "நம்மள உக்கார வச்சுட்டு, அவுக பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்களேண்ணே." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீங்களும் அன்னைக்கு இடைவேளையோட வந்துட்டீங்கல்ல. அந்தப் படத்தைத் திட்ட முடியாதே" என்றான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் போய் அதை முழுசாகப் பார்த்தோம். இரண்டாம் பாதி முதல் பாதியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. டீக்கடையில் திட்டத் திட்ட வந்துகொண்டே இருந்தது. டீச்சர் கணக்குப்படி நல்ல மார்க் வாங்கியிருக்கும்.

இப்போது அடுத்த படத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். "இது உங்களோடதா சார், பாத்து எழுதுனதா?" என்ற அவர் குரல் ஒவ்வொரு காட்சியிலும் கேட்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான்.

அந்தச் சனிக்கிழமை டீக்கடையில் பேச்சு மும்முரத்தில் இருந்தபோது கோச்சடை பஸ் வந்து நின்றது. எங்களில் யாரும் அதில் போகிறவர்கள் இல்லை. இருந்தாலும் அது கிளம்பிப் போகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பாண்டி இன்னொரு டீ சொன்னான்.