புளி போட்டு மினுக்கின பிரெஞ்சு அலுமாரி

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. ரொறன்ரோவில ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தன். அஜின்கோர்ட்டில இருந்து ரெண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் மாறிப் போகவேணும். என்ர மனுசன், இவர், அப்ப கொழும்பில. இவரை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட எனக்கு வேலைக் கடிதம் தேவை. குளிருக்குப் புளோரிடா போன அந்த அம்மா, திரும்பி வந்து எழுதித் தாறன் எண்டு சொல்லியிருந்தா.

அவவின்ர வீடு முழுக்க இருநூற்றைம்பது வருசப் பழைய பிரெஞ்சுத் தளபாடம். நேரான கால் ஒண்டு கிடையாது. எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு, மூலைக்கு மூலை செதுக்கின இலை, சிப்பி, செட்டை முளைச்ச குண்டுப் பிள்ளையள். அந்தப் பிள்ளையளின்ர காதுக்குள்ள தூசு. மெல்லிய பிரஷால மட்டும் தட்டவேணுமாம், தண்ணி படக்கூடாதாம். இழுத்துத் திறக்கிற லாச்சி வைச்ச ஒரு அலுமாரிக்கே ஒரு மணித்தியாலம் போகும். எனக்கு விசர் பிடிக்கும். இவ்வளவு காசுள்ளவைக்கு நேர் பலகையில ஒரு அலுமாரி செய்விக்கத் தெரியாதோ எண்டு திட்டித் திட்டித்தான் தட்டுவன்.

அதுக்குள்ள லாச்சிக் கைபிடியள் வேற கறுத்துப்போய்க் கிடந்தது. பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அம்மா திரும்பிற அண்டைக்கு, கடிதம் கிடைக்கப்போகுது எண்ட சந்தோசத்தில, நல்ல காரியத்துக்கு முதல் குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி இதையும் மினுக்குவம் எண்டு புளியும் உப்பும் கொண்டுபோனன். ஆர் கேட்டது என்னை? சட்டி தேய்க்கிற கம்பியால ரெண்டு கைபிடியை உரஞ்சு உரஞ்செண்டு உரஞ்சினன். கறுப்புப் போச்சு. பிறகு மஞ்சளும் போச்சு. அடியில சிவந்துபோன வெறும் உலோகம். பித்தளை எண்டு நான் நினைச்சது, வெண்கலத்துக்கு மேல தங்கம் பூசினது.

வேலை எடுத்துத் தந்த அன்ரிக்கு உடனே போன் அடிச்சன். "முதலே அப்பிடித்தான் கிடந்தது எண்டு சொல்லிப்போட்டு இரடி" எண்டா. ஓம் எண்டுதான் நானும் சொன்னன். ஆனா அந்த அம்மா கோட்டைக் கழற்ற முதலே, பயத்தில எல்லாத்தையும் கொட்டிப்போட்டன்.

அவ குனிஞ்சு பார்த்தா. பிறகு வீடு அதிரக் கத்தினா. கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு மேல போனா. வேலையும் போச்சு, கடிதமும் போச்சு, இவர் இனிக் கொழும்பில கிடந்து காயவேண்டியதுதான் எண்டு அழுதழுது வெளிக்கிடச் சப்பாத்தைப் போட்டன்.

அப்ப இறங்கி வந்து ஒரு கடிதத்தை நீட்டினா. முகம் இன்னும் சிவந்துதான் கிடந்தது. "எனக்குக் கோவம் போகேல்ல. ஆனா இதில அலுமாரியைப் பற்றி எழுத ஒண்டுமில்லை" எண்டா. ரெண்டு வருசமா வீட்டைப் பூட்டித் திறப்பை என்னட்டைத் தந்திட்டுப் போறதாகவும், இனியும் தருவா எண்டும் அதில எழுதிக் கிடந்தது.

அடுத்த மாரிக் குளிருக்கு இவர் வந்து சேர்ந்தார். அந்த அலுமாரியை மட்டும் அவ பிறகு என்னைத் தொடவே விடேல்ல.

கோவத்தை ஒரு பக்கம் வைச்சிட்டு மனுசரை மறுபக்கம் பார்க்க அவவுக்குத் தெரிஞ்சிருந்தது. எனக்கெண்டால், பிள்ளையள் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை உடைச்சாலே இண்டைக்கும் அது வருகுதில்லை.